முனைவர் பட்டத்துக்கு யூனிசாவா, எட்ஜ்வுட்டா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஆசிரியர்களாக இருக்கும் என் தோழிகள் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகள், ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியாமல் தினமும் திட்டு வாங்கும் பிள்ளைகள், இவர்களைப் பற்றி முனைவர் ஆய்வு செய்ய எங்கே சேரலாம்?

அமெரிக்காவில் முதல் சில ஆண்டுகள் வகுப்பு, தேர்வு என்று போகும். தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் அதெல்லாம் கிடையாது, பட்டத்துக்கு வேண்டிய 360 கிரெடிட்டும் (படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளிகள்) ஆய்வேட்டுக்குத்தான். அதனால் உங்கள் எழுத்தை யார் உட்கார்ந்து படித்துத் திருத்துவார் என்பதை முதலில் பாருங்கள்.

யூனிசா, அதாவது தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம், தொலைநிலைக் கல்வி தருவது, வேலையை விட வேண்டாம், ஊரை விட்டு நகர வேண்டாம். ஆனால் ஆய்வு முன்மொழிவு தேறிய பிறகுதான் மேலே போக முடியும், அதுவரை வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு தனியாக எழுதிக்கொண்டிருப்பதை எல்லோராலும் தாங்க முடியாது.

எட்ஜ்வுட் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் வளாகம், பைன்டவுனில் இருக்கிறது, நமக்குப் பக்கம். டர்பன்-வெஸ்ட்வில், நேட்டால் பல்கலைக்கழகங்கள் இரண்டும் 2004இல் இணைந்து உருவான பல்கலைக்கழகம் அது. ஆய்வு மாணவர்களைக் குழுவாகச் சேர்த்து வார இறுதிகளில் கருத்தரங்கு நடத்தும் முறைக்குப் பேர் போனது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய துணை, ஒருவர் தேங்கி நின்றால் மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள். என்னைக் கேட்டால் எட்ஜ்வுட்தான், ஆனால் உங்கள் தலைப்பில் ஆழமாக வேலை செய்த நெறியாளர் அங்கே கிடைத்தால் மட்டும். கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகச் சேராதீர்கள்.

தலைப்புக்குப் பஞ்சமே இல்லை. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்க வைக்கும் கொள்கை 2001லேயே வந்துவிட்டது, 2014இல் வந்த சியாஸ் (SIAS, பிள்ளைகளுக்கு என்ன உதவி தேவை என்று கண்டறிந்து ஆதரவு தரும் முறை) கொள்கைப்படி பிள்ளையின் தடைகளைக் கண்டறிந்து முதல் படிவத்தை நிரப்புவது வகுப்பாசிரியர்தான். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதை எப்படிச் செய்கிறோம் என்று நம்மைவிட யார் எழுத முடியும்?

பேசப் பேச, ஒரு தோழிக்கு உண்மையில் வேண்டியது வேறு என்று தெரிந்தது. பிள்ளைகளுக்கு உளவியல் சோதனை செய்து டிஸ்லெக்சியாவா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு) என்று சொல்லும் வேலைதான் அவளுக்கு ஆசை. முனைவர் பட்டம் மட்டும் அதற்கு உரிமம் தராது, கல்வி உளவியலில் முதுகலை, பயிற்சி, பிறகு தொழில்முறைப் பதிவு வேண்டும். அவள் இப்போது அந்த முதுகலைக்கு விண்ணப்பம் தயார் செய்கிறாள்.