டீசன்ட் சாம்ப்ளரில் மாமாவின் உடுக்கு

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஒலிப்பதிவு அறை. அம்மன் பாட்டுகளுக்கு இசை சேர்க்கும்போது உடுக்குக்கு ஆள் கிடைப்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய ஒலித்தொகுப்பு ஒன்றில் உடுக்கு என்று இரண்டே இரண்டு அடிகள்தான் இருந்தன. எத்தனை தரம் தட்டினாலும் அதே 'தும்'. சடங்கில் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உடுக்கே இல்லை.

அதன் பிறகுதான் டீசன்ட் சாம்ப்ளரை எடுத்தேன். பதிந்த ஒலிகளைக் கீபோர்டில் வாசிக்க வைக்கும், டேவிட் ஹிலோவிட்ஸ் உருவாக்கிய இலவச மென்பொருள். விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நாம் பதிந்த வேவ் ஒலிக்கோப்புகளில் எது கீபோர்டின் எந்தக் கட்டையில், எவ்வளவு அழுத்தத்துக்கு ஒலிக்க வேண்டும் என்று எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் ஒரு கோப்பாக எழுதிக் கொடுத்தால் சரி.

மாமா கோயிலில் உடுக்கு அடிப்பவர். இரவு இரண்டு மணிக்கு, தெருவில் ஓட்டோச் சத்தம் அடங்கியபின், மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் பதிந்தோம். மூன்று இறுக்கம், நான்கு அழுத்தம், ஒவ்வொன்றிலும் ஐந்து அடி என்று அறுபது அடிகள். போதும் என்று நினைத்தேன். மாமா விடவில்லை. "மருமகன், கயித்தை நெரிக்காமல் உடுக்குப் பேசாது" என்றார்.

அவர் சொன்னதுதான் விஷயம். இரண்டு தோலையும் இழுத்துக் கட்டிய கயிறு ஒடுங்கிய இடுப்பில் சேர்கிறது. இடது கை அதை நெரித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் சக்கரமான பிட்ச் வீலால் இதைச் செய்துபார்த்தேன், பொய்யாக இருந்தது. வீல் முழுப் பதிவையும் மேலே இழுப்பதால் விரல் தோலில் படும் 'டக்'கும் மெலிந்துவிடுகிறது. உண்மையான உடுக்கில் அந்த 'டக்' அப்படியே நிற்க, பின்னால் வரும் வால் மட்டும்தான் ஏறும். அதனால் நெரித்து எடுத்த அடிகள் இருபத்துநான்கைத் தனியாகப் பதிந்து தனிக் கட்டைகளில் வைத்தேன்.

மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. ஒன்று ரவுண்ட் ரொபின்: ஐந்து அடியும் முறைவைத்து வருவதால் வேகமாக அடித்தாலும் இயந்திரச் சத்தம் கேட்பதில்லை. மற்றது, ஒரு அடி ஒலிக்கும்போதே அடுத்தது விழுந்தால் முன்னதை அடக்கும் வசதி. உடுக்கில் ஒரு தோலில்தான் அடிக்கிறோம், அடுத்த அடி விழும்போது பழைய நாதம் அதிலேயே அடங்கிவிடும். இந்த வசதி இல்லாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். எக்ஸ்எம்எல் எழுதிப் பழக எனக்கு ஒரு வாரம் பிடித்தது, ஆனால் அந்த வாரம் வீணில்லை. எண்பத்துநான்கு பதிவும் சேர்ந்து 30 எம்பிக்குள் அடங்கிவிட்டது.

மாமாவுக்கு ஹெட்போன் மாட்டி வாசித்துக் காட்டினேன். கேட்கக் கேட்க அவருடைய இடது கை மடியில் கிடந்தபடியே நெரிக்கத் தொடங்கியது. அப்புறம் நிறுத்தச் சொன்னார். "அந்த மூண்டாவது அடியில தோல் ஈரம். வெயில்ல காயவச்சிட்டுத் திரும்ப எடுப்பம்."

சனிக்கிழமை இரவு மறுபடி பதிகிறோம்.