8 ஜிபி ரேம் என்று விற்கப்பட்ட 4 ஜிபி கைபேசி

என் மனைவி திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்கிறார். ரவிக்கை மாதிரிப் படங்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன, முன்பணம் யூபிஐ வழியாக வருகிறது என்பதால், கைபேசி அவருக்குத் தையல் இயந்திரத்துக்கு அடுத்த தொழிற்கருவி. பழைய கைபேசி ஓய்ந்துபோனதால், ஆடித் தள்ளுபடியின்போது ஊரில் உள்ள ஒரு கடையில் 10,499 ரூபாய் கொடுத்துப் புதியது ஒன்று வாங்கினோம். "8 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ், இந்த விலைக்கு வேறு எங்கும் கிடைக்காது" என்று விற்பனையாளர் சொன்னார்; பில்லிலும் மாடல் பெயருக்குப் பக்கத்தில் 8/128 என்றே எழுதிக் கொடுத்தார். ரேம் என்பது செயலிகள் இயங்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்; ஸ்டோரேஜ் என்பது படங்களும் செயலிகளும் சேமிக்கப்படும் இடம்.

பெட்டியின் முகப்பிலும் 8 ஜிபி என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அந்த எண்ணின் தலையில் சிறிய நட்சத்திரக் குறி ஒன்றும், பெட்டியின் அடிப்பக்கத்தில் கண்ணுக்கு எட்டாத எழுத்தில் "4 ஜிபி + 4 ஜிபி விர்ச்சுவல்" என்ற விளக்கமும் இருந்ததை வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கழித்துத்தான் கவனித்தோம்.

அந்த மூன்று வாரத்தில் பட்ட பாடுதான் எங்களைப் பெட்டியைத் திருப்பிப் பார்க்க வைத்தது. வாட்ஸ்அப்பில் பேச்சின் நடுவே கேமராவைத் திறந்து துணியைப் படமெடுத்தால், திரும்பும்போது வாட்ஸ்அப் மூடிக்கிடக்கும். ஒருநாள் துணிக்கடைக்கு 1,850 ரூபாய் அனுப்பும்போது, பின் எண்ணை அழுத்தியதும் திரை வெறுமையாகிச் செயலி முதலிலிருந்து தொடங்கியதால், பணம் போகவில்லை என்று நினைத்து அவர் மறுபடியும் அனுப்பிவிட்டார். பழகிய கடைக்காரர் என்பதால் அன்று மாலையே திருப்பித் தந்தார். தெரியாத ஒருவருக்கு அனுப்பியிருந்தால் அந்தத் தொகைக்காக எத்தனை நாள் அலைந்திருப்போமோ தெரியாது.

விர்ச்சுவல் ரேம் என்பது கூடுதலாகப் பொருத்தப்பட்ட நினைவகச் சில்லு அன்று. ஸ்டோரேஜிலிருந்து 4 ஜிபி இடத்தை ஒதுக்கி, ரேமில் இடம் போதாதபோது ரேமில் இருப்பவற்றைத் தற்காலிகமாக அந்த இடத்துக்குத் தள்ளிவைக்கும் ஏற்பாடு மட்டுமே. இந்தக் கைபேசியில் இருக்கும் ஸ்டோரேஜ் இஎம்எம்சி 5.1 என்ற மெதுவான வகை, அதன் இணைப்பின் உச்ச வேகமே விநாடிக்கு 400 எம்பிதான், உண்மையான ரேமோ விநாடிக்குப் பல ஜிபி வேகத்தில் இயங்குவது. ஆகவே அந்தக் கூடுதல் 4 ஜிபி, வேகம் வேண்டிய நேரத்தில் ரேமின் வேலையைச் செய்ய முடியாது. போதாக்குறைக்கு, ஸ்டோரேஜ் சில்லுகளில் எழுதி அழிக்கும் தடவைகளுக்கு ஒரு வரம்பு உண்டு என்பதால், இந்த ஏற்பாடு அவற்றின் தேய்மானத்தையும் கூட்டுகிறது.

பத்தாயிரம் ரூபாய்க் கைபேசியில் எல்லாமே உயர்தரமாக இருக்காது என்பது எனக்குத் தெரியும். திரை எச்டி பிளஸ்தான், இரண்டாவது கேமரா பெயருக்குத்தான், ஆனால் 5000 எம்ஏஎச் பேட்டரி ஒன்றரை நாள் தாங்குகிறது. இந்த விலைக்கு அதில் குறை சொல்ல மாட்டேன். 4 ஜிபி என்று சொல்லி விற்றிருந்தால், 1,500 ரூபாய் கூடப் போட்டு, அதே கடையில் அடுத்த தட்டில் இருந்த, உண்மையான 6 ஜிபி ரேமும் யுஎஃப்எஸ் 2.2 என்ற வேகமான வகை ஸ்டோரேஜும் உள்ள செட்டை எடுத்திருப்போம். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து தேர்ந்தெடுக்கும் உரிமையைத்தான் அந்தக் கடை எங்களிடமிருந்து பறித்துக்கொண்டது.

கடைக்குப் போய்க் கேட்டபோது, பெட்டி பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். எல்லா நிறுவனமும் இப்படித்தான் போடுகிறது என்று ஒருவர் சொன்னார். அது எங்களுக்கு எப்படிப் பதிலாகும்?

இப்போது வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே செட்டை இயக்கச் சொல்லி, அமைப்புகளில் "கைபேசி பற்றி" என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். ரேம் அளவு கூட்டல் குறியோடு இருந்தால், அந்தக் குறிக்கு முன்னால் உள்ள எண்தான் உண்மையானது. ஸ்டோரேஜ் எந்த வகை என்று கேளுங்கள்; கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். பில்லில் ரேம் அளவைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். எங்கள் கையில் இன்று இருக்கும் ஒரே பலமான சான்று, பில்லில் கையால் எழுதிய அந்த 8/128 என்ற குறிப்புதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். பத்து நாள் கழித்துக் கடையிலிருந்து அழைத்து, இலவசமாக இயர்போன் தருகிறோம் என்றார்கள், மறுத்துவிட்டோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பில், பெட்டியின் இரு பக்கப் படங்கள், அமைப்புகள் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், இரட்டைப் பணப்பரிமாற்றத்தின் வங்கிக் குறுஞ்செய்தி ஆகியவற்றை இணைத்து, என் மனைவியின் பெயரில் மனுவை எழுதி முடித்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை தாக்கல் செய்கிறோம்.