மேற்கோள் தரவுத்தளச் சந்தா: தீராத இனிஷியல் தொல்லை

எந்த ஆய்வுக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பதிவுசெய்யும் தரவுத்தளங்களில் ஸ்கோபஸா, வெப் ஆஃப் சயின்ஸா, எதற்குச் சந்தா கட்டலாம் என்று இன்னொரு தனியார் பொறியியல் கல்லூரியின் நூலகர் கேட்டிருந்தார். எத்தனை இதழ்கள், எந்த ஆண்டு முதல் என்பதையெல்லாம் விற்க வருபவரே சொல்லிவிடுவார். நான் முதலில் சொல்வது இது: கையெழுத்துப் போடும் முன் உங்கள் பேராசிரியர்களின் பெயர்களைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தரவுத்தளத்துக்கு அது இல்லாமல் முடியாது. எஸ். குமார் என்று எழுதினால் ஊரில் உள்ள எல்லா எஸ். குமார்களோடும் கலந்துவிடுகிறார். இனிஷியலை விரித்துக் கேட்கும் இதழில் குமார் சுப்பிரமணியன் ஆகி, அப்பா பெயரில் பதிவாகிறார். பெண்கள் பாடு இன்னும் மோசம். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறினால், ஒருவரின் கட்டுரைகளைத் திரட்டிக் காட்டும் ஆசிரியர் பக்கம் இன்னொன்று முளைக்கும். நாங்கள் சந்தா கட்டும் தளத்தில் எங்கள் பேராசிரியை ஒருவருக்கு மூன்று பக்கங்கள் இருந்தன. மேற்கோள்கள் மூன்றாகச் சிதறியதால் கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் சேர்த்து அளக்கும் எச்-இண்டெக்ஸ் எண்ணும் குறைந்தது. பதவி உயர்வு விண்ணப்பத்தில் அந்த எண்ணைத்தான் அவர் எழுத வேண்டும். திருத்தம் கேட்டு எழுதினோம், சேர்த்தார்கள். அடுத்த கட்டுரை வந்ததும் மறுபடி புதுப் பக்கம்! இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு இதைக்கூடச் சரிசெய்ய முடியாதா?

நியாயமாகச் சொன்னால், கேட்டபோதெல்லாம் திருத்தித் தந்திருக்கிறார்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரும், 2012-இல் தொடங்கிய ஆர்கிட் அடையாள எண்ணைக் கட்டுரைதோறும் கொடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வெகு குறைவு. தேடலிலும் குறை சொல்ல முடியாது. ஒரு பழைய கட்டுரையைப் பிடித்து, அதை மேற்கோள் காட்டியவர்கள், அவர்களை மேற்கோள் காட்டியவர்கள் என்று முன்னோக்கிப் போகலாம். யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் கொண்டுவந்த மேற்கோள் அட்டவணையின் பலன் அது. எங்கள் முனைவர் பட்ட மாணவர்கள் அதில் மணிக்கணக்கில் உட்காருவதைப் பார்த்தாலே மனசு நிறையும்.

2022-இல் வந்த ஓப்பன்அலெக்ஸ் என்ற இதேபோன்ற தரவுத்தளம் இலவசம். பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகம் 2024-இல் வெப் ஆஃப் சயின்ஸ் சந்தாவை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் போனது. அங்கும் பெயர்க் குழப்பம் உண்டு, பதிவுகளும் இவ்வளவு சுத்தமில்லை.

ஆக, தரத்தில் காசு கட்டும் தளம்தான் மேல். ஆனாலும் என்னைக் கேட்டால், வாங்காதீர்கள். கல்லூரிகளுக்கு மத்திய அரசு போடும் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு வேண்டும் என்று நிர்வாகம் சொல்லும். கட்டுரைக் கணக்கைத் தரவரிசை போடுபவர்களே இந்தத் தரவுத்தளங்களிலிருந்து நேரே எடுத்துக்கொள்கிறார்கள், நாம் சந்தா கட்டியிருக்கிறோமா என்று பார்ப்பதில்லை. அப்புறம், இவை முழுக்கட்டுரை தருவதில்லை. மாணவர் தலைப்பைச் சொடுக்கினால் பதிப்பாளரின் கட்டணச் சுவரில் போய் நிற்பார். 2025-இல் தொடங்கிய மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் முழுக்கட்டுரை தருகிறது, ஆனால் அது அரசு நிறுவனங்களுக்குத்தான். நம்மைப் போன்ற தனியார் கல்லூரிகள் அதில் இல்லை. அந்தப் பணத்தில் உங்கள் துறைகள் கேட்கும் இதழ்களை வாங்குங்கள். எல்லாப் பேராசிரியர்களையும் இந்த மாதமே ஆர்கிட் எண் எடுக்கச் சொல்லுங்கள்.