சூரியன் மறையும் நேரத்துப் படகு: முட்டுக்காடா, கோவளம் கடலா, புதுச்சேரியா?

"அண்ணி, இவ்வளவு பெரிய கடலை வெச்சுக்கிட்டு ஒரு சன்செட் க்ரூஸ் கூடவா இல்ல நம்ம ஊர்ல?" மார்கழிக் கச்சேரிகளுக்காக மும்பையிலிருந்து சென்னைக்கு வந்திருந்த நாத்தனார் கேட்டாள். கோவாவில் மாண்டவி ஆற்றுக் கப்பலில் போய்வந்ததிலிருந்து அவளுக்கு இந்த ஆசை. "கடல் இருக்கு. சூரியன்தான் முதுகுப் பக்கம் இறங்குது" என்றேன்.

மாமனார், மாமியார், சின்னப் பிள்ளைகள் எல்லாம் சேர்த்து ஒரு வண்டி நிறைய ஆட்கள். விசாரித்ததில் கடைசியாக நின்றவை மூன்று: சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு படகுக் குழாம், அதே வழியில் கோவளம் பக்கத்தில் கடலுக்குள் கூட்டிப்போகும் தனியார் படகு, புதுச்சேரி சுண்ணாம்பாறு. நாங்கள் போனது முட்டுக்காடு. நாளைக்கு யாராவது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எல்லா மாதத்துக்கும் சொல்ல மாட்டேன்.

சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டோம். பெரிய ஏரி, குளிர்காலத்தில் பூநாரைகள், டச்சுக்காரர் கல்லறைகள், எல்லாம் சரி. 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகுக்காரரிடம் பேசி ஏறிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பெரியவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சே வேண்டாம் என்று என் கணவர் சொல்லிவிட்டார்.

அடுத்து கோவளம். கடலில் போவதற்கென்று ஒரு கெத்து இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் வங்கக் கடல் நமக்குக் கிழக்கே. படகில் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் சூரியன் கரையிலுள்ள தென்னைக்கும் சவுக்குக்கும் கட்டடங்களுக்கும் பின்னால் போய்விடும். கடலில் சூரியன் முழுகுவதைப் பார்க்கலாம் என்று ஆசையோடு வருகிறவர்களுக்கு அது ஏமாற்றம்தான். போதாததற்குப் பகலில் கிளம்பும் கடற்காற்று சாயங்காலம் வரை அடித்துக்கொண்டிருக்கும். படகு ஆடும், வாந்தி மாத்திரை தேடுவோம். கரையிலிருந்து ஏறும் படகென்றால் முழங்கால் அளவு அலையில் நடந்துபோய் ஏற வேண்டும். மாமியாரின் முழங்காலை நினைத்ததும் அந்த யோசனை முடிந்துபோனது. பாய்மரப் படகு, யாட் என்று வாடகைக்குக் கிடைப்பவற்றுக்கு நாங்கள் விசாரித்த இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஐந்திலக்கத்தில் சொன்னார்கள். நண்பர்களாகச் சேர்ந்து செலவைப் பங்குபோட்டுக்கொண்டால் அது வேறு கதை. கடலில்தான் போவேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் சாயங்காலத்தை விட்டுவிட்டு விடியற்காலையில் போகலாம். காற்று குறைவு, சூரியனும் கண்ணெதிரே தண்ணீரிலிருந்தே எழும்.

இனி முட்டுக்காடு. 1984இல் தொடங்கி தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்திவரும் இடம். ஈ.சி.ஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், பாலத்தை ஒட்டியே இருக்கிறது. கடல் சாலைக்குக் கிழக்கே, கழிமுகம் மேற்கே. இந்த ஒரு காரணத்தாலேயே கடலை விட அது எனக்கு உசத்தி. படகு போகும் பக்கமாகவே சூரியன் இறங்குகிறான், நடுவில் பரந்த தண்ணீர். அலை கிடையாது. மோட்டார் படகில் குடும்பமே உட்கார்ந்து போகலாம், செலவும் கையைக் கடிக்காது. துடுப்புப் படகு, மிதிபடகு, வேகப்படகு எல்லாம் உண்டு. வேகப்படகு பத்து வயதுக்காரர்களின் கூச்சலுக்குத்தான் சரி, சூரியனைப் பார்க்க அல்ல.

ஆனால் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது கடிகாரம். நவம்பர் கடைசியில் சென்னையில் 5:40 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். ஜூலை முதல் வாரத்தில் 6:40 வரை இருக்கும். நடுவில் ஒரு மணி நேர வித்தியாசம். படகுக் குழாமோ ஆபீஸ் மாதிரி. சாயங்காலமானால் படகுகளைக் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், சூரியனுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். ஐந்தரைக்கு மேல் கவுன்டரில் போய் நின்றால் டிக்கெட் கிடைப்பது அன்றைய கூட்டத்தையும் அவர்கள் மனநிலையையும் பொறுத்தது. சித்திரை, வைகாசியில் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்தரைக்குச் சூரியன் இன்னும் சுட்டுக்கொண்டிருப்பான். கண் கூசும், ஃபோட்டோவில் முகமெல்லாம் கறுப்பாக விழும். வானம் சிவக்கத் தொடங்கும்போது நாம் கார் பார்க்கிங்கில் நிற்போம். 'முட்டுக்காட்டில் சன்செட்டெல்லாம் ஒன்றும் பிரமாதமில்லை' என்று சொன்ன என் தோழியிடம் எப்போது போனாய் என்று கேட்டேன். மே மாதம், பள்ளி லீவில் என்றாள்.

அதனால் மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள், இடம் அப்புறம். நவம்பர், டிசம்பர் முதல் பாதியில் நேரம் பொருந்தும், ஆனால் வடகிழக்குப் பருவமழை. மேகம் மூடிவிட்டால் சூரியனையே பார்க்க முடியாது, புயல் எச்சரிக்கை வந்தால் படகே கிடையாது. மார்கழி பிறக்கும்போது 5:45, பொங்கலன்று ஏறக்குறைய 6 மணி. வானமும் பெரும்பாலும் வெளுத்திருக்கும். நான் சொல்லும் நேரம் இதுதான். பிப்ரவரியில் 6:10ஐத் தாண்டிவிடுகிறது, அப்போது அதிர்ஷ்டம் வேண்டும். மார்ச்சுக்கு மேல் முட்டுக்காட்டுக்குப் படகுக்காகப் போகலாம், அஸ்தமனத்துக்காக வேண்டாம். காணும் பொங்கலை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அன்று ஈ.சி.ஆரில் வண்டி நகராது.

நாங்கள் ஐந்து மணிக்கு மேல் ஏறினோம். லைஃப் ஜாக்கெட்டில் ஈரவாடை, ஒன்றில் கொக்கி சரியாக மாட்டவில்லை. வேறு கேட்டதும் கொடுத்தார்கள். கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள். படகுத்துறையில் ஒருவர் படகைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மாமியார் அவர் தோளைப் பற்றி நிதானமாக இறங்கினார். ஓரத்தில் சிலர் இடுப்பளவுத் தண்ணீரில் கையாலேயே இறால் துழாவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இறால் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டே எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். படகோட்டியிடம் கேட்டுக்கொண்டதில் நடுவில் ஓரிரண்டு நிமிடம் எஞ்சினை நிறுத்தினார். அப்போதுதான் நீர்க்காகங்கள் சிறகடிப்பதே காதில் விழுந்தது. குறை ஒன்று: அக்கரையில் ஓ.எம்.ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) அடுக்குமாடிகள். சூரியன் அடிவானத்தைத் தொடுமுன்பே அவற்றுக்குப் பின்னால் நழுவிவிடுகிறான். நாத்தனார் அதைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

அங்கேயே இரண்டடுக்கு மிதக்கும் உணவகக் கப்பல் ஒன்றும் வந்திருக்கிறது. நாங்கள் அதில் ஏறவில்லை. சாப்பாட்டோடு சேர்த்து ஒரு விசேஷத்தைக் கொண்டாட நினைப்பவர்களும், கோடையில் வருகிறவர்களும் அதன் நேரத்தை விசாரித்துப் பார்க்கலாம்.

புதுச்சேரியைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், நான் போய் நாளாகிறது. நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றில் ஏறினால் முகத்துவாரத்துக்கு அருகே பாரடைஸ் கடற்கரையில் இறக்கிவிடுவார்கள். திரும்பி வரும்போது படகு உள்நாட்டுப் பக்கம் போவதால் வெயில் சாயும் வெளிச்சம் முகத்தில் விழும். இரு கரையும் பச்சை, முட்டுக்காட்டை விட அழகு என்றே சொல்வேன். ஆனால் திரும்பும் கடைசிப் படகு எப்போது என்ற அதே கடிகாரப் பிரச்சினை அங்கேயும் உண்டு. சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர் போய்விட்டு அன்றே திரும்புவது பெரியவர்களுக்குத் தண்டனை. அங்கே இரண்டு நாள் தங்கப் போகிறவர்கள் தாராளமாக அதையே எடுத்துக்கொள்ளலாம்.

முட்டுக்காடு என்று முடிவு செய்தால் மதியமே கிளம்பிவிடுங்கள். உத்தண்டி சுங்கச்சாவடியில் சனி, ஞாயிறு சாயங்காலம் நிற்கும் வரிசை உங்கள் சூரியனைத் தின்றுவிடும். பக்கத்திலேயே தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் பெரியவர்களைக் கொஞ்சம் உட்காரவைத்துவிட்டு நாலரைக்குப் படகுத்துறைக்கு வந்தால் அவசரமில்லாமல் இருக்கும். வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது. செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், தட்சிணசித்ராவுக்கு விடுமுறை. கொசுவுக்குத் தடவிக்கொள்ள ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள், இருட்டத் தொடங்கியதும் கரையில் நிற்க விடாது.