நிலவறையா, கடலடியா: ஒயினுக்கு எந்தப் படுக்கை நல்லது?

ஒயினைக் கடலடியில் முதிர வைத்த கூண்டு கரையேறுகிறது. உள்ளே இருக்கும் பாட்டில்களின் மேல் சிப்பியும் கொட்டலசும் ஒட்டிக்கொண்டு, கண்ணாடி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. பார்ப்பவருக்கு உடனே தோன்றுவது புதையல் என்ற எண்ணம். கடலடியில் முதிர்ந்த ஒயின் பாதி விற்பனையாவது அந்த ஒரு பார்வையிலேயே. மீதிப் பாதிக்கு, அதாவது பாட்டிலுக்குள் இருப்பதற்கு, கடல் என்ன செய்தது? அதே ஒயின் நிலவறையில் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நிலவறை கேட்பது அதிகமில்லை: இருட்டு, 12 அல்லது 13 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி, தக்கை காய்ந்துபோகாத அளவு ஈரம், அமைதி. பிரான்ஸின் ரீம்ஸ் நகரத்துக்கு அடியில் பல நூற்றாண்டுகளுக்கு முன் சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகள் இன்று ஷாம்பெயின் கிடங்குகளாக இருக்கின்றன. கோடையோ பனியோ அங்கே ஒரே தட்பம்தான். ஆழ்கடல் இருட்டையும் குளிர்ச்சியையும் இலவசமாகத் தருகிறது. இத்தாலியில் போர்ட்டோஃபினோ அருகே ஸ்பார்க்ளிங் ஒயின், அதாவது குமிழ் ஒயின், தயாரிக்கும் பியர்லூயிஜி லுகானோ 2009இல் தன் பாட்டில்களைச் சுமார் 60 மீட்டர் ஆழத்தில் இறக்கியதற்குச் சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கும்: கிடங்கில் இடமில்லை. அங்கே நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 15 டிகிரி. இது புதையல் கதை இல்லை, வீட்டுக்காரரின் கணக்கு.

ஆனால் "கடலில் வெப்பநிலை மாறாது" என்று எல்லோரும் சொல்லும்போது ஆழத்தைக் கேட்க வேண்டும். மத்தியதரைக் கடலில் கோடை வெப்பம் மேல்மட்ட நீரோடு நிற்பதில்லை. 20 மீட்டர் வரைக்கும் சூடு இறங்கிவிடும், குளிர்காலத்தில் அதே இடம் ஜில்லென்று ஆகும். அந்த ஆழத்தில் பாட்டிலை வைத்துவிட்டு நிலவறையை வென்றதாகச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான். இந்த ஒரு அம்சத்தில் ஆழமற்ற கடல் நல்ல நிலவறையிடம் தோற்கிறது. 50, 60 மீட்டருக்குப் போனால் ஆட்டம் சமன்.

கடல் உண்மையிலேயே வேறாக இருப்பது அழுத்தத்தில். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஷாம்பெயின் பாட்டிலுக்குள் குமிழ்வாயு 5 முதல் 6 வளிமண்டலம் வரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். நிலவறையில் தக்கை அதைத் தனியாகத் தாங்க வேண்டும். 60 மீட்டரில் கடல் வெளியிலிருந்து கிட்டத்தட்ட அதே பலத்தோடு உள்ளே தள்ளுகிறது. இரண்டு பக்கமும் கை சேர்த்துப் பிடித்தது போல் தக்கைக்குச் சுமை குறைகிறது. பிரான்ஸின் லெக்லெர் பிரியான் நிறுவனம் தன் ஷாம்பெயினை உஷாந்த் தீவருகே 60 மீட்டரில் வைப்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கு பொருந்துகிறது.

குமிழற்ற ஒயினுக்கு இதுவே தலைகீழ். உள்ளே எதிர்த்துத் தள்ள எதுவும் இல்லை. கடல் தக்கையை உள்நோக்கி அழுத்தும், வழி கிடைத்தால் உப்புநீரும் கூடவே வரும். அதனால்தான் வாயில் கனமான மெழுகு பூசுகிறார்கள். மெழுகு பூசிய பாட்டிலுக்குக் கடல் என்ன புதிதாகத் தரும் என்று கேட்டால், "அங்கே ஆக்சிஜன் இல்லை" என்ற பதில் வரும். நல்ல காற்றோட்டமுள்ள கடல்நீரில் கரைந்த ஆக்சிஜனின் அளவு குறைவு, ஆனால் அது தக்கை வழியே நுழைய முயலும் உந்துதல், அதாவது பகுதி அழுத்தம், மேலிருக்கும் காற்றுக்குப் பெரும்பாலும் நிகரானது. ஆக, காவலாக நிற்பது மெழுகுதான், கடல் இல்லை. அதே மெழுகை நிலவறையிலும் பூசலாம்.

பாட்டிலை விட்டு மரப்பீப்பாயை இறக்கினால் கதை வேறு. பிரான்ஸின் ஆர்கஷோன் பகுதியில் சிப்பி வளர்ப்பு நீரில் ஒரு சிறு பீப்பாயையும், ஒப்பிட நிலவறையில் அதன் இணையையும் வைத்துப் பார்த்தார்கள். மரம் கண்ணாடியைப் போல் மூடியிருப்பதில்லை. கடலில் கிடந்ததில் உப்பு ஏறியது, ஆல்கஹால் குறைந்தது. கடல் ஒயினை மாற்றியது என்று தயங்காமல் சொல்லத்தக்க சில நேர்வுகளில் இது ஒன்று.

அசைவைப் பற்றிய பேச்சில் எனக்குச் சிரிப்பு வரும். நிலவறைக்காரர் பாட்டிலை ஆட்டாதே என்பார். கடல்காரர் அலை மெல்லத் தாலாட்டுவது நல்லது என்பார். ஒரே அசைவு நிலத்தில் குற்றம், நீரில் குணம். போர்ச்சுகலின் மடெய்ரா தீவு ஒயின் அந்தக் காலத்தில் கப்பலில் வெப்ப மண்டலங்களைக் கடந்து வந்து சுவை மாறியது மெய்தான். அதற்கு முக்கியக் காரணம் சூடு. கடலடியில் சூடு இல்லை.

இந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றியது 2010இல் பின்லாந்தின் ஓலாண்ட் தீவுகளருகே பால்டிக் கடலில் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் கிடைத்த 168 ஷாம்பெயின் பாட்டில்கள். ஏறக்குறைய 170 ஆண்டுப் பழையவை. சுவைத்தவர்களுக்கு முதலில் ஈர ரோமமும் பாலாடைக்கட்டியும் கலந்த வாடை, கண்ணாடிக் கோப்பையில் சுழற்றிய பிறகு புகையும் மசாலாவும். 2011இல் அதில் வேவ் கிளிக்கோ என்ற ஷாம்பெயின் நிறுவனத்தின் பாட்டில் ஒன்று 30,000 யூரோவுக்கு ஏலம் போனது. இதை வைத்து இன்றைய ஒயினைக் கடலில் இறக்கச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அந்த ஒயினில் லிட்டருக்கு ஏறக்குறைய 150 கிராம் சர்க்கரை. இனிப்புக் குறைந்த இன்றைய ப்ரூட் வகை ஷாம்பெயினில் 12 கிராமுக்கு மேல் கூடாது. நீரும் உறைநிலைக்குச் சற்றே மேலான குளிர். சர்க்கரையும் குளிரும் காத்ததற்குக் கடலுக்கு மட்டும் பாராட்டா? 2014இல் வேவ் கிளிக்கோ நிறுவனம் அதே பகுதியில் புதிய பாட்டில்களை இறக்கி, அவற்றின் இணைகளை ரீம்ஸில் வைத்துக்கொண்டது. இந்தத் துறையில் நான் மதிக்கும் ஒப்பீடு அது.

செலவுக் கணக்கில் போட்டியே இல்லை. முக்குளிப்பவர், கூண்டு, படகு, புயலில் போகும் சரக்கு, அரசு அனுமதி. அமெரிக்க அதிகாரிகள் 2015இல், கடல்நீர் பட்ட பாட்டில் மாசுபட்டதாகக் கருதப்படலாம் என்று எச்சரித்தார்கள். கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா கரையருகே அனுமதியின்றி மூழ்கடிக்கப்பட்டு விற்கப்பட்ட ஒயினில் சுமார் 2,000 பாட்டில்கள் 2023இல் அழிக்கப்பட்டன. குரோஷியாவின் பெல்யேஷாட்ஸ் தீபகற்பத்தில் மண்சாடிக்குள் பாட்டிலை அடைத்துக் கடலில் வைத்து, முக்குளித்துப் பார்க்கவும் அழைக்கிறார்கள். அங்கே விற்பது ஓர் உல்லாசப் பயணம் என்று தெரிந்தே வாங்கலாம், வருத்தமில்லை.

என் தேர்வு இது. குமிழ் ஒயின், 50 மீட்டருக்கு மேல் ஆழம், கரையில் கிடங்குக்கு இடமில்லை: மூன்றும் சேர்ந்தால் கடல். மற்றபடி நிலவறை.

கையில் பணம் இருந்து ஐயமும் இருந்தால், ஒரே ஆண்டின் ஒரே ஒயினில் கடல் பாட்டில் ஒன்றும் நிலவறை பாட்டில் ஒன்றும் வாங்கலாம். வேறொருவரை விட்டு, நீங்கள் பார்க்காமல், மூன்று கோப்பைகளில் ஊற்றச் சொல்லுங்கள்: இரண்டில் ஒன்று, ஒன்றில் மற்றது. ஒற்றை எது என்று கண்டுபிடியுங்கள். குருட்டு அதிர்ஷ்டத்தில் மூன்றுக்கு ஒரு முறை சரியாக வந்துவிடும் என்பதால், இதைப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும். சிப்பி ஒட்டிய பாட்டிலை அதுவரை கண்ணில் படாமல் வையுங்கள்.