நாலு கேபிள் இருந்தும் சர்வர் நின்றது: டீமிங் செய்து தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். போன வருடம் புது சர்வர் வாங்கினோம். கொட்டேஷனில் இருந்த வரி இது: "4 போர்ட் நெட்வொர்க் கார்டு, டீமிங் செய்து 4 ஜிபிபிஎஸ் வேகம், ஃபெயில்ஓவர் உண்டு." டீமிங் என்றால் பல நெட்வொர்க் போர்ட்டுகளைச் சேர்த்து ஒன்றுபோல் இயக்குவது; ஃபெயில்ஓவர் என்றால் ஒன்று போனால் இன்னொன்று தானாக வேலையை ஏற்பது. இந்தக் கான்ஃபிகரேஷனுக்கு மட்டும் தனியாக 18,000 ரூபாய். நாலு கேபிளும் செருகினார்கள், நாலு பச்சை விளக்கும் எரிந்தன. நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து, ஷிப்மென்ட் நாளன்று காலை 11 மணிக்கு, ரேக்கைத் துடைக்கும்போது கிளிப் உடைந்த ஒரு கேபிள் நழுவிவிட்டது. ஒரே ஒரு கேபிள். நிறுவனத்தின் கணக்கு வழக்கெல்லாம் ஓடும் ஈஆர்பி மென்பொருள் மொத்தமும் நின்றது. இன்வாய்ஸ் எடுக்க முடியவில்லை, பேக்கிங் லிஸ்ட் எடுக்க முடியவில்லை, தூத்துக்குடி போகவேண்டிய கன்டெய்னர் வாசலிலேயே நின்றது. மற்ற மூன்று போர்ட்டிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது! விற்றவருக்கு போன் செய்தால், வந்து பார்க்காமலேயே, "சுவிட்ச் போயிருக்கும் சார், புதுசு ஒண்ணு போட்டுருவோம்" என்கிறார். அந்தக் கேபிளைத் திரும்பச் செருகியதும் எல்லாம் ஓடியது.

அன்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். உபுண்டு லினக்ஸ் ஓடும் சர்வர். நெட்வொர்க் அமைப்பை எழுதிவைக்கும் நெட்பிளான் கோப்பில் ஆக்டிவ்-பேக்கப் மோடு போட்டிருந்தார்கள். அந்த மோடில் ஒரு நேரத்தில் ஒரு போர்ட்தான் வேலை செய்யும், மற்றவை காத்திருக்கும். ஆக, 4 ஜிபிபிஎஸ் என்றது முதல் நாளிலிருந்தே பொய். சரி, ஃபெயில்ஓவராவது இருக்கவேண்டுமே? போர்ட் உயிரோடு இருக்கிறதா என்று எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சோதிப்பது எனச் சொல்லும் எம்ஐஐ இடைவெளியை அவர்கள் எழுதவே இல்லை. எழுதாவிட்டால் அது 0, அதாவது சோதனையே கிடையாது. வேலை செய்துகொண்டிருந்த கேபிளே கழன்றும், அது பாண்டிங்குக்கு (லினக்ஸில் டீமிங்குக்கு இதுதான் பெயர்) தெரியவே இல்லை. 100 மில்லிசெகண்ட் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கன்டெய்னர் நேரத்துக்குக் கிளம்பியிருக்கும். அந்த ஒரு வரிக்குத்தானே 18,000 ரூபாய் கொடுத்தோம்?

இதோடு நாலு போர்ட்டும் ஒரே கார்டில், நாலு கேபிளும் ஒரே சுவிட்சில். கார்டோ சுவிட்சோ போனால் நாலும் சேர்ந்து போகும்.

வாங்கப்போகிறவர்கள் இதைக் கேளுங்கள். இரண்டு தனித்தனிக் கார்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கேபிள் வேறு வேறு சுவிட்சுக்கு. எல்லாக் கேபிளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் எல்ஏசிபி முறையைப் போடுவதாகச் சொன்னால் சுவிட்ச் பக்கமும் அதை அமைக்கவேண்டும். இரண்டு சுவிட்சுக்கும் பிரித்து எல்ஏசிபி போட அவை ஒரே சுவிட்ச் போல நடந்துகொள்ளும்படி ஸ்டாக் அல்லது எம்லாக் (MLAG) முறையில் இணைந்திருக்கவேண்டும். சாதாரண சுவிட்ச் என்றால் ஆக்டிவ்-பேக்கப் போதும். எல்ஏசிபியில்கூட ஒரு இணைப்பின் டேட்டா ஒரு கேபிள் வழியாகத்தான் போகும். ஒரே பெரிய கோப்பை பேக்கப் எடுத்தால் நாலு மடங்கு வேகம் வராது, ஒரு கேபிளின் வேகமான விநாடிக்கு 110 மெகாபைட் அளவில்தான் நிற்கும். பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான் சுமை பிரியும். இதைச் சொல்லாமல் போர்ட் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுகிறவரிடம் வாங்காதீர்கள்.

கையெழுத்துக்கு முன்னால், சர்வர் பதில் தருகிறதா என்று தொடர்ந்து காட்டும் பிங் கட்டளையை ஓடவிட்டு, அவர் கண் முன்னாலேயே கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். பிறகு ஒரு சுவிட்சை அணையுங்கள். இந்தச் சோதனை முடிந்தால்தான் பாக்கிப் பணம் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். நான் எழுதவில்லை, அதனால் 18,000 இன்னும் திரும்பி வரவில்லை.