வேனுக்கு இரண்டாவது பேட்டரி: டியூபுலரா, ஏஜிஎம்மா, லித்தியமா?

படுக்கை போட்டாயிற்று, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாயிற்று. வேனை வீடாக மாற்றும் எல்லோரும் அடுத்து வந்து நிற்கும் இடம் பேட்டரிதான். வண்டியோடு வந்த பேட்டரியிலேயே ஃபேனையும் ஃபிரிட்ஜையும் ஓட்டினால் விடிந்ததும் செல்ஃப் எடுக்காது. சில நொடி பெரிய கரண்ட் கொடுத்து இன்ஜினைச் சுழற்றுவதற்காக மெல்லிய தகடுகளை வைத்துச் செய்த பேட்டரி அது. ராத்திரி முழுக்க உறிஞ்சினால் சீக்கிரம் செத்துவிடும். அதனால் தனி பேட்டரி கட்டாயம் வேண்டும்.

எதை வாங்குவது என்பதற்கு முன் தேவையைக் கணக்குப் போடுங்கள். 45 வாட்ஸ் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் நம் ஊர் வெயிலில் பாதி நேரமாவது ஓடும். அதற்கே ஒரு நாளைக்கு 540 வாட் அவர். 15 வாட்ஸ் ஃபேன் பத்து மணி நேரத்துக்கு 150. விளக்கு, போன், லேப்டாப் எல்லாம் சேர்த்து இன்னொரு 150. மொத்தம் 840. பன்னிரண்டு வோல்ட்டில் இது 70 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு).

என் பழைய டிராவலரில் நான் முதலில் வைத்தது வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிய 150 ஏஎச் டியூபுலர், அதாவது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் ஈய-அமில பேட்டரி. பாதி வரை இறக்கலாம் என்று வைத்தால் 900 வாட் அவர், கணக்கு சரியாகத்தான் வந்தது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்கிய மறுநாள் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். மூடிகளைச் சுற்றி ஈரம், டெர்மினலில் வெள்ளைப் பூ, கீழே இருந்த பிளைவுட் கறுத்துப்போய், விரல் வைத்தால் நனைந்த அட்டை மாதிரி பிய்ந்து வந்தது. அமிலம் சிந்தியதோடு விஷயம் முடியவில்லை. சார்ஜ் ஏறும்போது இந்த வகை பேட்டரி ஹைட்ரஜனை வெளியே விடும். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளோடு தூங்கும் இடத்தில் அது இருக்கவே கூடாது. எடையும் ஐம்பது கிலோவுக்கு மேல். வீட்டு மாடிப்படிக்குக் கீழே அது தங்கம், வேனுக்குள் வேண்டாம்.

ஏஜிஎம் என்பது அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்து மூடிய பேட்டரி. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியதில்லை, வளைவில் சிந்தாது. ஆனால் இதுவும் ஈயம்தான், பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும். 100 ஏஎச் வாங்கினால் கைக்கு வருவது 600 வாட் அவர், எடை முப்பது கிலோ. வேலூர்க்காரர்கள் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஈய பேட்டரியின் ஆயுளை 25 டிகிரியை வைத்துச் சொல்கிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கத்திரி வெயிலில் வெளியே நாற்பதைத் தாண்டும்போது, பூட்டி நிறுத்திய வேனுக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 100 ஏஎச் என்றால் 1280 வாட் அவர். 90 சதவீதம் வரை எடுக்கலாம், எடை பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ. நூற்றுக்கணக்கில் இல்லை, ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். விலை அதிகம்தான். ஆனாலும் நாலைந்து வருடம் ஓட்டப் போகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். இதற்கும் வெப்பம் ஆகாது. சூடு எல்லை மீறினால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் எலக்ட்ரானிக் போர்டு) சார்ஜை நிறுத்திவிடும். வெயில் படும் தகரத்தை ஒட்டி வைக்காமல், காற்று போகும்படி சீட்டுக்கு அடியில் வையுங்கள்.

பேட்டரியைவிட நான் அதிகம் யோசித்தது சார்ஜ் செய்யும் வழியைப் பற்றி. வோல்டேஜ் பார்த்து இணைக்கும் ரிலே மலிவு. இன்ஜின் ஓடி 13.3 வோல்ட் வந்ததும் இரண்டு பேட்டரியையும் சேர்க்கும், 12.8க்கு இறங்கினால் பிரிக்கும். ஏஜிஎம்முக்கு இது போதும். லித்தியத்துக்கு ஒத்துவராது. சும்மா இருக்கும்போதே லித்தியம் 13.2, 13.3 வோல்ட்டில் நிற்கும் என்பதால் இன்ஜினை அணைத்த பிறகும் ரிலே பிரியாமல் இருந்துவிடலாம். அதோடு காலியான லித்தியம் கிடைக்கிற கரண்டை எல்லாம் இழுக்கும். வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஐட்லிங்கில் நிற்கும்போது, இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரின் ஃபேன் மெதுவாகத்தான் சுற்றும், காயில் சூடாகிக் கருகலாம்.

லித்தியத்துக்கு ரிலேக்குப் பதில் டிசி டு டிசி சார்ஜர் வையுங்கள். 20 ஆம்பியர் சார்ஜர் அதற்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தி, லித்தியத்துக்கு வேண்டிய 14.4 வோல்ட்டைத் தானே உண்டாக்கித் தரும். இரண்டு மணி நேர ஓட்டத்தில் 40 ஏஎச் ஏறிவிடும். ஆல்டர்னேட்டர் வோல்டேஜைக் கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும் பிஎஸ் 6 வண்டி என்றால் இதைத் தவிர வேறு வழியைத் தேட வேண்டாம்.

ஒயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். போகவர பத்து மீட்டர் ஒயரில் 30 ஆம்பியர் போனால் 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் கிட்டத்தட்ட 0.9 வோல்ட்டை விழுங்கிவிடும். 16 ஸ்கொயரில் 0.35தான்.

என் மச்சான் மாதம் ஒரு ராத்திரி அமிர்தி பக்கம் போகிறவர். ஃபிரிட்ஜ் கிடையாது, ஐஸ் பெட்டிதான். அவருக்கு 100 ஏஎச் ஏஜிஎம்மும் ரிலேயும் வைத்துக் கொடுத்தேன், நிறைவாக இருக்கிறார். லித்தியம் வாங்கச் சொல்லி அவர் பணத்தை நான் ஏன் செலவழிக்க வேண்டும்? ஆனால் நட்சத்திரம் பார்க்கக் காவலூர் பக்கம் ஜவ்வாது மலையில் இரண்டு மூன்று நாள் வண்டியை நகர்த்தாமல் இருக்கிறவருக்கு ஓட்டத்தில் ஏறும் சார்ஜ் உதவாது. கூரையில் 200 வாட்ஸ் சோலார் பேனல் வேண்டும், நல்ல வெயிலில் 700, 800 வாட் அவர் தரும். மர நிழலில் நிறுத்தினால் அதை மறந்துவிட வேண்டியதுதான்.

ஃபியூஸை இரண்டு பேட்டரிக்கும் பக்கத்திலேயே தனித்தனியாகப் போடுங்கள். நடுவில் ஒயர் உரசி பாடியில் பட்டால் இரண்டு முனையிலிருந்தும் கரண்ட் பாயும். மாட்டி முடித்ததும் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, இன்ஜினை அணைத்து, ஒயர் முனையில் அழுத்திப் பொருத்திய ஒவ்வொரு லக்கையும் (வளைய டெர்மினல்) தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே கிரிம்ப் (அந்த அழுத்தம்) சரியில்லை, வெட்டிவிட்டு வேறு லக் போடுங்கள்.